தாது வருஷத்துக் கணக்கு

சென்னையிலிருந்து மேற்கே அரக்கோணம் நோக்கிச் செல்லும் இருப்புப்பாதையில், ஆவடியையும் பட்டாபிராமையும் கடந்தால் நெமிலிச்சேரி என்னும் சிறு நிலையம் வரும். அதற்கு அடுத்தது திருநின்றவூர். வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை இவ்விடத்தில்தான் இருப்புப்பாதையைச் சந்தித்து, அப்பால் மீஞ்சூர் நோக்கிச் செல்கிறது. சரித்திர நூல்களில் இவ்வூரின் பெயரைத் தேடினால் எளிதில் அகப்படாது. மன்னர் எவரும் இங்கே முடிசூடியதாகவோ, பெரும்போர் எதுவும் இங்கே நடந்ததாகவோ நாம் படிப்பதில்லை. ஆயினும் நம் நாட்டுச் சரித்திரத்தின் ஒரு பெருங்கேள்வியை மாணவர்களுக்கு விளக்குவதற்கு இவ்வூர் மிகவும் ஏற்றது என்பது என் எண்ணம். இதன் இருமருங்கும் திருநின்றவூர் ஈசா ஏரி, ஆவடிப் பருத்திப்பட்டு ஏரி என ஏரிகள் சூழ்ந்த பழைய வேளாண் உலகம் இருக்கிறது. அந்த உலகத்தின் குறுக்கே, 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை திறக்கப்பெற்ற, தென்னாட்டின் முதல் பயணிகள் இருப்புப்பாதை ஓடுகிறது.

அந்தக் கேள்வி யாது? வானம் பொய்க்கும்போது, அல்லது அளவின்றிப் பொழியும்போது, அதனால் விளையும் துன்பத்தை யார் தாங்குவது? அதைத் தணிப்பதற்கு ஆகும் செலவை யார் கொடுப்பது? இன்று உலக மாநாடுகளில் காலநிலை மாற்றம் பற்றிப் பேசுவோர் மனித உரிமை, பெண்ணுரிமை, நிதி நீதி என்னும் மூன்று சொற்களை அடிக்கடி வழங்குகின்றனர். சொற்கள் புதியனவாகத் தோன்றலாம். அவை குறிக்கும் வழக்கோ மிகப் பழையது. நம்முடைய செங்கற்பட்டுச் சீமையிலேயே அவ்வழக்கு ஒருமுறை நடந்து, தீர்ப்பும் கூறப்பட்டிருக்கிறது. அத்தீர்ப்பைத்தான் இன்று உங்களுடன் சேர்ந்து படித்துப் பார்க்க விரும்புகிறேன்.

முதலில் ஏரிகளின் கதையைப் பார்ப்போம். இச்சீமையில் காவிரியைப் போன்ற வற்றாத பேராறு இல்லை. பாலாறும் கொற்றலையாறும் கூவமும் ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடப்பவை. ஆகவே நம் முன்னோர் வடகிழக்குப் பருவமழையை ஏரிகளில் தேக்கி, ஒன்றன் மிகுதி மற்றொன்றில் சேருமாறு சங்கிலித் தொடராக அமைத்தனர். அமைப்பது ஒருநாள் வேலை. காப்பதோ ஆண்டுதோறும் உள்ள வேலை. கரை சரியும், மதகு பழுதுபடும், வண்டல் சேரும். இவற்றைச் செப்பனிடும் செலவுக்கு வழி என்ன?

1767 முதல் 1774 வரை பார்னார்டு என்னும் ஆங்கிலேயர் செங்கற்பட்டுச் சீமையின் ஏறத்தாழ இரண்டாயிரம் கிராமங்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்குகள் அவ்வழியை நமக்குக் காட்டுகின்றன. களத்தில் நெல் குவிந்ததும், அரசுக்கும் உழவனுக்கும் பங்கு பிரிப்பதற்கு முன்னரே, பொதுவிலிருந்து சில பங்குகள் எடுத்து வைக்கப்பட்டன. கணக்கனுக்கு ஒன்று, கொல்லனுக்கு ஒன்று, தச்சனுக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று என்று போகும் அந்த வரிசையில் ஏரிக்கும் ஒரு பங்கு இருந்தது. இப்பங்குகளுக்கு மேரை என்றும் சுதந்திரம் என்றும் பெயர். இன்று விடுதலை என்னும் பொருளில் நாம் வழங்கும் அதே சொல்தான், அந்நாளைய கிராமக் கணக்கில் விளைச்சலில் ஒருவனுக்குள்ள உரிமைப் பங்கைக் குறித்தது. உரிமை என்பது பங்கு பெறுவதில் இருக்கிறது என்ற உண்மையை அச்சொல் தன்னுள் அடக்கி வைத்திருப்பதை மாணவர்கள் கருத்திற்கொள்ள வேண்டும்.

இம்முறையின் நன்மை வெளிப்படை. விளைந்த ஆண்டில் ஏரியின் பங்கு மிகுதி. விளையாத ஆண்டில் அதுவும் குறைவு. கடன் வாங்கி ஏரி வெட்டி, மழையில்லாத ஆண்டில் வட்டி கட்டும் நிலை அதில் இல்லை. ஆயினும் பழமையென்று சொல்லி அதைப் பொற்காலமாகப் புனைந்துரைப்பது சரித்திர மாணவனுக்கு அழகாகாது. இதே தொண்டை நாட்டில் உத்திரமேரூர்க் கல்வெட்டு இருக்கிறது. முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அச்சாசனம், ஏரி வாரியம் என்னும் குழு தேர்ந்தெடுக்கப்பட்ட முறையைச் சொல்கிறது. குடவோலை முறையென்று நாம் பெருமையோடு பாராட்டுகிறோம், பாராட்டத்தக்கதே. ஆனால் அக்குடத்தில் யாருடைய பெயர் எழுதிய ஓலை விழுந்தது? கால்வேலிக்கு மேல் இறை செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதக் கல்வியும் உடைய ஆடவர் பெயரே விழுந்தது. ஏரியில் இறங்கி மண் வெட்டியவன் பெயர் இல்லை. அம்மண்ணைக் கூடையிற் சுமந்து கரையேறியவள் பெயரும் இல்லை. உழைப்பு ஒருவரிடமும் முடிவு செய்யும் அதிகாரம் வேறொருவரிடமும் இருந்த நிலை, நம் நாட்டில் ஆங்கிலேயன் வந்து ஏற்படுத்தியதன்று.

ஆங்கிலேயன் ஏற்படுத்தியது வேறொன்று. களத்து மேட்டில் பங்காக இருந்த வரி, ரயத்துவாரி முறையில், பணமாகச் செலுத்தவேண்டிய நிலத்தீர்வையாயிற்று. விளைச்சலோடு ஏறியிறங்கிய ஏரிப்பங்கு நாளடைவில் மறைந்தது. பெரிய மராமத்து சர்க்காரின் பொறுப்பென்றும், சிறிய மராமத்து குடிகளின் பொறுப்பென்றும் பிரிக்கப்பட்டது. குடிகள் அதைச் செய்யத் தவறினால் கட்டாயப்படுத்துவதற்கு 1858-ஆம் ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்றும் சென்னை மாகாணத்திற்கென இயற்றப்பட்டது. வருமானம் கஜானாவுக்குப் போயிற்று. உழைப்பு மட்டும் கிராமத்தின் தலையில் நின்றது. இந்நிலையில்தான் தாது வருஷம் பிறந்தது.

1876-ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்திற்கு மாறாக வெப்பமடைவதை இன்று விஞ்ஞானிகள் எல் நினோ என்று அழைக்கின்றனர். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்தது, அறியப்பட்டவற்றுள் மிக வலிமை வாய்ந்த எல் நினோக்களில் ஒன்று. ஆகவே அந்த வறட்சியை யாரும் செய்யவில்லை. அது கடலும் காற்றும் செய்தது. ஆனால் வறட்சி வேறு, பஞ்சம் வேறு. வயல் வறண்டால் வறட்சி. மனிதன் வயிறு வறண்டால் பஞ்சம். இவ்விரண்டுக்கும் இடையே சந்தை இருக்கிறது, சர்க்கார் இருக்கிறது, சட்டம் இருக்கிறது.

நெமிலிச்சேரி வழியே செல்லும் இருப்புப்பாதை இதற்குச் சாட்சி. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பல்களில் வந்த அரிசி சென்னைக் கடற்கரையில் மலைபோற் குவிந்திருந்தது. மேற்கு ஜில்லாக்களுக்குச் செல்லும் தானிய வண்டிகளெல்லாம் இப்பாதையின் வழியாகத்தான் ஓடின. அதே வேளையில் கிராமங்களிலிருந்து பசித்தோர் கூட்டம் கூட்டமாகச் சென்னை நகரை நோக்கி வந்துகொண்டிருந்தது. உள்நாட்டை நோக்கித் தானியம் சென்றது. உள்நாட்டிலிருந்து மனிதர் வந்தனர். தானியத்தின் விலை இரண்டு மூன்று மடங்கு உயர்ந்தது. வயலில் வேலையின்மையால் கூலியோ அறவே நின்றது. இருப்புப்பாதை தானியத்தைக் கொண்டுவந்து சேர்த்தது உண்மை. கையிற் காசில்லாதவன் வாயில் அது தானே புகவில்லை. பலர் இலங்கைத் தோட்டங்களுக்குக் கப்பலேறினர். 1877-78-ஆம் ஆண்டிலும் இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் பெருமளவு கோதுமை ஏற்றுமதியாயிற்று என்பதையும் இவ்விடத்தில் நினைவிற் கொள்ள வேண்டும்.

அந்நாளில் அறச்செயல்கள் இல்லாமற் போகவில்லை. தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை தம் பொருளை வாரி வழங்கிப் பசித்தோரைக் காத்தார். பெண் கல்விக்காக அயராது எழுதியவரும் அவரே. அத்தகைய பெருமக்களை நாம் வணங்குகிறோம். ஆயினும் கஞ்சித்தொட்டி ஒரு வள்ளலின் மனத்தைப் பொறுத்தது. உரிமை எவர் மனத்தையும் பொறுத்ததன்று. ஆண்டுதோறும் தீர்வை வாங்கிய அரசிடம், பஞ்சகாலத்தில் உயிர்காக்கும் உணவைக் கேட்கும் உரிமை குடிகளுக்கு உண்டா என்பதே அன்று எழுந்த வழக்கு.

இவ்வழக்கில் சர்க்கார் தரப்பாக வந்தவர் சர் ரிச்சர்டு டெம்பிள். இவர் முன்பு, 1873-74-இல் பீகாரில் வறட்சி ஏற்பட்டபோது, பர்மாவிலிருந்து அரிசி தருவித்துத் தாராளமாக வழங்கியவர். அதன் பயனாகப் பட்டினிச் சாவு ஏறக்குறைய நேரவே இல்லை. அதற்காக அவர் பாராட்டப்பட்டிருப்பார் என்று நீங்கள் நினைக்கலாம். வீண் செலவு செய்தார் என்று கண்டிக்கப்பட்டார். 1877-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, விக்டோரியா மகாராணியைப் பேரரசியென்று அறிவிக்கும் கோலாகலமான தர்பாரை ராஜப்பிரதிநிதி லிட்டன் பிரபு டில்லியில் நடத்தினார். அதே மாதத்தில், பஞ்சச் செலவைக் கட்டுப்படுத்தும் பொருட்டு டெம்பிள் தெற்கே அனுப்பப்பட்டார். பீகாரிற் பெற்ற கண்டனத்தை அவர் மறக்கவில்லை.

நிவாரண வேலை செய்வோருக்கு அவர் விதித்த கூலி, டெம்பிள் கூலி என்று சரித்திரத்தில் பெயர் பெற்றுவிட்டது. நாள் முழுதும் வெயிலில் மண் வெட்டும் ஆண்மகனுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும், அதன்மேல் சிறு காசும். பெண்ணுக்கும் உழைக்கும் குழந்தைக்கும் அதனினும் குறைவு. சென்னை மாகாணச் சுகாதார அதிகாரி கார்னிஷ் இதை எதிர்த்தார். சிறைக் கைதிக்கு வழங்கப்படும் உணவைக் காட்டிலும் இது குறைவென்றும், ஒன்றரைப் பவுண்டு தானியமும் பருப்பும் காய்கறியும் வேண்டுமென்றும் எடுத்துரைத்தார். அவருடைய வாதம் ஓரளவே வென்றது. மார்ச்சு மாதத்தில் அளவு ஒன்றேகால் பவுண்டு தானியமாகவும் சிறிது பருப்பாகவும் உயர்ந்தது. பம்பாய் மாகாணத்தில் நிவாரணத் தொழிலாளர் பெருந்திரளாக வேலையை விட்டு வெளியேறித் தம் எதிர்ப்பைக் காட்டினர். பூனா சார்வஜனிக் சபை அவர்கள் பக்கம் நின்று வாதாடியது. இன்று மனித உரிமை என்று நாம் சொல்வது, அன்று இவ்விதமாக அவுன்ஸ் கணக்கில் அளந்து பேசப்பட்டது.

இங்கே பெண்ணின் கூலியைப் பற்றி நின்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும். பெண்ணின் உடல் சிறியது, வேலை இலேசானது, ஆகவே அவளுக்குக் குறைவாகப் போதும் என்பது சர்க்காரின் எண்ணம். மண்வேலை நடந்த இடத்தில் நின்று பார்த்தவன் இதை ஒப்பமாட்டான். ஆண் மண்வெட்டியால் வெட்டுவான். பெண் அதைக் கூடையில் ஏந்தித் தலையிற் சுமந்து சரிவில் ஏறுவாள். அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் கால்வாய்ப் பகுதி அப்பஞ்ச ஆண்டுகளில் நிவாரண வேலையாகவே வெட்டப்பட்டது. அன்றைய சென்னைக் கவர்னரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் என வழங்குகிறது. மண் சுமந்தவர்களின் பெயரால் அதில் ஒரு படித்துறைகூட இல்லை.

மேலும், அப்பெண்ணின் வேலை கரையோடு முடியவில்லை. இடுப்பில் குழந்தை, அதற்குப் பால் கொடுக்க வேண்டும். முகாமிலே தண்ணீர் தேட வேண்டும். சுள்ளி பொறுக்க வேண்டும். கிடைத்ததைச் சமைத்து முதலில் மற்றவர்க்கு இட்டு எஞ்சியதைத் தான் உண்ண வேண்டும். தளர்ந்தவர் மட்டுமே ஊரிலே உதவி பெறலாம், வலியவர் தொலைதூர முகாமுக்கே போக வேண்டும் என்ற சோதனை விதியும் இருந்தது. கைக்குழந்தையும் கிழ மாமியாரும் உள்ள ஒருத்தி தொலைதூர முகாமுக்கு எப்படிப் போவாள்? சட்டம் எழுதியவர்கள் மனத்தில் இருந்தது ஒற்றை ஆண்மகன். பசித்து வந்ததோ குடும்பம். ஒரு விதியை வகுக்கும்போது யாரை மனத்திற் கொண்டு வகுக்கிறோம் என்பதில்தான் பாதி நீதி அடங்கியிருக்கிறது.

இனிச் செலவுக் கணக்கைப் பார்ப்போம். இத்தகைய பஞ்சங்களுக்கு முன்கூட்டியே பணம் சேர்க்க வேண்டும் என்று லிட்டன் சர்க்கார் தீர்மானித்து, ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் ஒதுக்கும் பஞ்சக் காப்பு நிதியை ஏற்படுத்தியது. எண்ணம் நல்லதே. பணம் எங்கிருந்து வந்தது? 1878-இல் வணிகர்மீதும் கைத்தொழிலாளர்மீதும் லைசென்ஸ் வரி விதிக்கப்பட்டது. பெருஞ்சம்பளம் பெற்ற அதிகாரிகள் அவ்வரியின் எல்லைக்குள் வரவில்லை. அதே ஆண்டில் நாடு முழுவதும் உப்பு வரியை ஒருமைப்படுத்தியபோது, சென்னையிலும் பம்பாயிலும் ஒரு மணங்குக்கு ஒரு ரூபாய் 13 அணாவாக இருந்தது 2 ரூபாய் 8 அணாவாக உயர்ந்தது. பஞ்சத்தால் மிகவும் நலிந்தவை இந்த மாகாணங்களே. உப்பைச் செல்வனும் ஏறத்தாழ அதே அளவுதான் உண்கிறான், ஏழையும் அதே அளவுதான் உண்கிறான். ஆகவே அவ்வரி செல்வனுக்கு ஒரு துளி. ஏழைக்கு ஒரு சுமை. பஞ்சக் காப்புப் பணத்தின் கதி என்னவாயிற்று? 1878-இல் ஆப்கானியப் போர் தொடங்கியது; பஞ்சத்துக்கென வாங்கிய வரி போர்ச் செலவில் கரைந்தது என்னும் குற்றச்சாட்டு அந்நாளிலேயே பலமாக எழுந்தது.

இந்த வழக்கின் தீர்ப்பு எங்கே எழுதப்பட்டிருக்கிறது? ஜனக்கணக்கில் எழுதப்பட்டிருக்கிறது. 1871-இல் சென்னை மாகாணத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 3 கோடியே 12 லட்சம். பத்தாண்டுகளில் பெருகியிருக்க வேண்டிய அத்தொகை 1881-இல் ஏறத்தாழ 3 கோடியே 8 லட்சம். பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்டோர் இப்பஞ்சத்தில் மாண்டனர். சர் ரிச்சர்டு ஸ்டிரேச்சி தலைமையில் அமைந்த பஞ்சக் கமிஷன் 1880-இல் அறிக்கை தந்தது. அதன்பின் பஞ்ச விதித்தொகுப்புகள் எழுந்தன. பஞ்சகாலத்தில் உதவுவது அரசின் கடமை என்பது அவற்றால் ஓரளவு நிலைபெற்றது. இது பெரிய முன்னேற்றம். ஆயினும் ஆண், பெண், குழந்தை என்று படிப்படியாக இறங்கும் கூலி வரிசை அவற்றிலும் மாறவில்லை. குடியரசின் அரசியல் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தபோதுதான், சமவேலைக்கு ஆண் பெண் இருவருக்கும் சமகூலி என்பது அரசின் நெறியாக ஏட்டில் ஏறியது. அந்நெறியைச் செயற்படுத்தும் சமஊதியச் சட்டம் பிறந்த ஆண்டு 1976. மழை பொய்த்த 1876-க்கும் அதற்கும் இடையே சரியாக நூறாண்டு.

இந்தப் பழங்கணக்கு இன்றைக்கு எதற்கு என்று ஒரு மாணவர் கேட்கலாம். தாது வருஷத்து வறட்சியைக் கடலும் காற்றும் செய்தன என்று முன்னர்ச் சொன்னேன். இன்று அவ்வாறு முழுமையாகச் சொல்லிவிட முடியாது. இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக நிலக்கரியையும் எண்ணெயையும் எரித்ததால் காற்றில் கரியமில வாயு பெருகிப் பூமி வெப்பமடைந்திருக்கிறது. வெப்பம் ஒரு பாகை செல்சியஸ் உயர்ந்தால் காற்று ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு பங்கு மிகுதியான நீராவியைத் தாங்குகிறது. ஆகவே பெய்தால் பெருமழை, பெய்யாவிட்டால் கடுங்கோடை என்னும் இருமுனைத் துன்பம் மிகுகிறது. எரித்தவர்களில் பெரும்பங்கினர் செல்வ நாட்டினர். இந்தியர் ஒருவர் தலைக்கு வெளியிடும் அளவு உலகச் சராசரியைவிட இன்றும் குறைவு. முன்பு இயற்கையின் வழக்காக இருந்தது இப்போது மனிதர் வழக்காகவும் ஆகியிருக்கிறது.

நம் சீமை இவ்விரு முனைகளையும் நான்கே ஆண்டு இடைவெளியில் கண்டது. 2015 டிசம்பரில் பெருமழை பெய்து, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நொடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறக்கப்பட்டது. அடையாற்றின் கரைகள் மூழ்கின. 2019-ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு நீர்நிலைகளும் ஏறத்தாழ வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12-ஆம் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீரை ஏற்றிக்கொண்டு முதல் தண்ணீர் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அதற்கென மாநில அரசு 65 கோடி ரூபாய் ஒதுக்கியது. அந்த ரயிலும் நெமிலிச்சேரி வழியாகத்தான் வந்தது. அரசு விரைந்து உதவியது. தாது வருஷத்தைப் போல மக்கள் மடியவில்லை. குடியாட்சிக்கும் அன்னியர் ஆட்சிக்கும் உள்ள வேற்றுமை இது. எனினும் அக்கோடையில் தெருக்குழாயடியிலும் தண்ணீர் லாரியின் பின்னாலும் பிளாஸ்டிக் குடங்களோடு வரிசையில் நின்றவர் யாவர்? பெரும்பாலோர் பெண்கள். வரிசையில் கழிந்த பொழுதுக்குக் கூலி இல்லை. அப்பொழுதை எந்த வறட்சிக் கணக்கும் எழுதி வைப்பதில்லை.

நிவாரணப் பணத்திலும் இவ்விதமே. பயிர் அழிந்தால் ஏக்கருக்கு இவ்வளவு என்று பட்டாதாருக்குக் கிடைக்கும். இந்தியாவின் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, சாகுபடி நிலவுடைமைகளில் பெண்கள் பெயரில் உள்ளவை நூற்றுக்குப் பதினான்கு அளவே. நாற்று நட்டவளும் களை பறித்தவளும் வேலையிழந்து நிற்கும்போது, இழப்பீடு நிலத்தின் பெயரைக் கேட்கிறது. உழைப்பின் பெயரைக் கேட்பதில்லை. உத்திரமேரூர்க் குடவோலை கேட்ட கேள்வியும் ஏறத்தாழ இதுதான் அன்றோ? தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தோர் குடும்பத்துக்கு நிதி வழங்க வழிசெய்தது. வெயிலில் உழைப்பவரின் உயிரையும் கணக்கில் சேர்த்த நற்செயல் அது. கணக்கு இன்னும் விரிய வேண்டும்.

உலக அரங்கிலும் இதே மூன்று வழக்குகள்தாம் நடக்கின்றன. 1992-ஆம் ஆண்டின் ஐக்கிய நாடுகள் காலநிலை உடன்படிக்கை, பொறுப்பு எல்லோருக்கும் உண்டு, ஆனால் ஒரே அளவில் அன்று என்று ஒப்புக்கொண்டது. 2015-இல் பாரிஸ் ஒப்பந்தத்தின் முகவுரையில் மனித உரிமையும் ஆண் பெண் சமத்துவமும் இடம்பெற்றன. 2024-இல் நம் உச்சநீதிமன்றமும், காலநிலை மாற்றத்தின் தீமைகளினின்று காக்கப்படுவதை அரசியல் சட்டம் அளிக்கும் உரிமையாகக் கண்டு தீர்ப்புக் கூறியது. சொல்லளவில் உரிமை வென்றுவிட்டது என்றே கூறலாம்.

பணத்தளவில் எப்படி? ஆண்டுக்கு 10,000 கோடி டாலர் 2020-க்குள் திரட்டித் தருவதாகச் செல்வ நாடுகள் 2009-இல் கோபன்ஹேகனில் வாக்களித்தன. அவ்வளவு எட்டப்பட்டது 2022-இல் தான் என்பது அந்நாடுகளின் சொந்தக் கணக்கு. அதிலும் பெரும்பகுதி கடன். வெள்ளத்தில் வீடிழந்த நாடு, வீடு கட்டுவதற்கு வாங்கிய கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். உப்பு வரியை நினைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவனே பாதிப்பின் செலவைக் கொடுக்கும் பழைய முறைதான் இது. இழப்புக்கும் சேதத்துக்கும் தனி நிதி வேண்டும் என்று 2022-இல் எகிப்தில் கூடிய மாநாடு ஒப்புக்கொண்டது. அடுத்த ஆண்டு துபாயில் அது தொடங்கப்பட்டபோது வாக்களிக்கப்பட்ட தொகை சுமார் 70 கோடி டாலர். தேவையின் முன்னர் இது மலையடியில் வைத்த கூழாங்கல். 2024-இல் பாகுவில், 2035-க்குள் ஆண்டுக்கு 30,000 கோடி டாலர் என்னும் புதிய இலக்கு வகுக்கப்பட்டது. அது போதாதென்று இந்தியா அம்மன்றத்திலேயே எடுத்துரைத்தது.

மாணவ நண்பர்களே! இந்நாடு உலகத்தாரிடம் நீதி கேட்பது நியாயம். அந்த நியாயத்துக்கு வலிமை வர வேண்டுமானால், அதே நீதியை நம் ஊருக்குள்ளும் நாம் வழங்க வேண்டும். செல்வ நாடு ஏழை நாட்டைப் பார்த்து, உனக்குக் குறைவாகப் போதும் என்று சொல்வது தவறாயின், கரைமேட்டில் மண் சுமக்கும் பெண்ணைப் பார்த்து நாம் அவ்வாறு சொல்வதும் தவறே. ஏரியைத் தூர்வாரத் திட்டம் தீட்டும் கூட்டத்தில் குடம் தூக்குபவளுக்கு நாற்காலி இல்லையென்றால், பாகு மாநாட்டில் நமக்கு இடம் போதவில்லை என்று முறையிடும் குரல் சற்றுத் தாழ்ந்தே ஒலிக்கும்.

சரித்திரம் படிப்பவர் பேரரசர்களின் பெயரை மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடலாகாது. ஒரு திட்டம், ஒரு நிவாரணம், ஒரு நிதி எனக் கையில் எது கிடைத்தாலும் அதன் கணக்கைப் பிரித்துப் பார்க்கப் பழக வேண்டும். இதில் யாருக்கு உரிமை எழுதப்பட்டிருக்கிறது? பெண்ணுக்கு எவ்வளவு எழுதப்பட்டிருக்கிறது? செலவு யார் தலையில் எழுதப்பட்டிருக்கிறது? தாது வருஷத்தில் இம்மூன்று கேள்விகளையும் கேட்டவர் மிகச் சிலர்; கேட்டவர்க்கும் விடை காலத்தில் கிடைக்கவில்லை. விடை வருவதற்குள் ஜனக்கணக்கில் லட்சக்கணக்கான பெயர்கள் குறைந்துவிட்டன. அடுத்த வறட்சியும் அடுத்த வெள்ளமும் வருமுன், இக்கேள்விகளைக் கேட்பவர் பலராக வேண்டும். அவர்களுள் நீங்களும் இருக்க வேண்டும்.